எக்ஸ்டர்னலுக்கு ஒரு தட்டு வடை

வடையை விரலால் அழுத்திப் பார்த்தார் ஹில்டா மேடம். மொறுமொறுப்பு போதவில்லை. “என்ன அன்பு, ஆறிப்போனதை வாங்கிட்டு வந்திருக்க? இதை எக்ஸ்டர்னல் வாயில வெச்சா நம்ம பசங்க மார்க்கும் ஆறிடும். போய் சூடா வாங்கிட்டு வா.” ஆய்வக உதவியாளர் அன்பு முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேடம் நடத்துவது மின் இயந்திரப் பாடம். ஆனால் அவருடைய நிஜமான புலமை, செய்முறைத் தேர்வு நடத்த வேறு கல்லூரிகளிலிருந்து வருபவர்களின் நாக்கைப் பற்றியது. கீழ்க்கட்டளை லோகநாதனுக்குக் கீரை வடை, பொழிச்சலூர் துரைக்கு ரோஸ்மில்க். வயிறு நிறைந்தவர் அதிகம் கேள்வி கேட்பதில்லை. இதில் மேடத்துக்கு வெட்கம் கிடையாது. எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்து செமஸ்டரைப் பிழிந்து சுருக்கியது பல்கலைக்கழகம்; அவரா என்ன? பாதிச் சோதனைகளைப் பிள்ளைகள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தேர்ச்சி குறைந்தால் மட்டும் சீட்டுக் கிழிவது மேடத்துக்கு!

இன்று வந்திருக்கும் லக்ஷ்மிநாராயணன் புது ஆள். சுடச்சுட வந்த வடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. “வெந்நீர் போதும்மா.”

“பேஜாரான ஆளா கீறாரே மேடம்!” என்று காதோரம் கிசுகிசுத்தார் அன்பு.

முதலில் சிக்கிய மாணவி ஜீவிதா. “ஏழாவது எக்ஸ்பெரிமென்ட். மோட்டாரை ஓட்டிக் காட்டும்மா.”

“சார்... அது வந்து... டைமே இல்ல சார். நாங்க யாருமே பண்ணல.”

உளறிவிட்டாள், பாவி! வாசலில் காத்திருந்த அத்தனை முகமும் வெளுத்தது.

“பண்ணாததுக்கு எப்படிம்மா மார்க் போடறது?” அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அருகில் உட்கார்ந்தார். குரலில் தேன்.

“நாளைக்கு உங்க காலேஜுக்கு நான்தான் சார் எக்ஸ்டர்னல். ஆர்டர் வந்துடுச்சு.”

“அப்படியா? ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு லஞ்ச் என்ன சொல்லட்டும் மேடம்?”

“எனக்கும் வெந்நீர் போதும் சார். உங்க பசங்க ஏழாவது எக்ஸ்பெரிமென்ட் நல்லா பண்ணுவாங்கல்ல?”

லக்ஷ்மிநாராயணன் மெதுவாகப் பேனாவை மூடினார். “முதல் எக்ஸ்பெரிமென்ட் தெரியுமாம்மா?” என்று ஜீவிதாவிடம் கேட்டுக்கொண்டே, வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.