பால் காய்ச்சிய அன்று வந்த பொட்டலங்கள்

பெங்களூரில் எங்களுக்கென்று ஒரு வீடு இருந்ததில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து என் அம்மா வீட்டு ஹாலில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் குடித்தனம் நடத்தினோம். இவர் இருமினால் அப்பாவுக்குக் கேட்கும். அப்பா டிவியை நிறுத்தினால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். அதனால்தான், தெற்கே கொட்டாரம் என்ற ஊரில் தன் அம்மா வீட்டை ஒட்டிக் கிடக்கும் இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இவர் சொன்னதும் உடனே தலையாட்டினேன்.

"அங்க நீயும் நானும்தான். ஜங்ஷன்ல ஏசி சர்வீஸ் கடை போட்டிருவேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருவேன்" என்றார். அந்த மத்தியானச் சாப்பாட்டை நம்பித்தான் நர்சரிப் பள்ளி டீச்சர் வேலையை விட்டேன்.

இவருக்கு அது சொந்த ஊர். எனக்கு வேறு மாநிலம். தமிழ் பேசி வளர்ந்தவள்தான், ஆனாலும் கொட்டாரத்து மளிகைக்கடையில் பாதிப் பேச்சு விளங்காது. நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். 'பெங்களூர்க்காரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீடு வரப்போகிற சந்தோஷத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

வீடு கட்டி முடியும்வரை மாமியாரோடு இருந்தோம். நான் கொஞ்சம் குள்ளம். சமையல் மேடையை என் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டச் சொல்லி இவர் கொத்தனாரிடம் சண்டையே போட்டார். மோட்டாரில் காற்றுப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும், கேஸ் சிலிண்டரை எப்படி மாற்ற வேண்டும், ஃப்யூஸ் போனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அம்மாவிடம் போனில் பெருமையாக அளந்தேன். அம்மா "ம்" என்று மட்டும் சொன்னாள். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புதுவீட்டுப் பால் காய்ச்சுக்கு அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அந்தத் தாழ்ந்த மேடையில் பால் பொங்கி வழிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்கள் சுவர்க்கடிகாரம், குக்கர் என்று கொண்டுவந்தார்கள். கூடவே வேறு சில பொட்டலங்களும் வந்தன. செய்தித்தாளில் சுற்றி, பழுப்பு டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் பெயர் எழுதியவை. கல்யாணப் பரிசில் கொடுப்பவர் பெயர் இருக்குமே, அப்படி என்று எண்ணிக்கொண்டேன். மாமியார் அவற்றை வாங்கி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

ஆட்கள் கூடிவிட்டதால் பலகாரம் தீர்ந்துபோனது. நான் அறைக்குள் ஓடி, வெல்ல வாசனை அடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். உள்ளே பயறும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட முந்திரிக்கொத்து. தட்டில் அடுக்கி, வீட்டுக்காரி என்ற மிடுக்கோடு எல்லோருக்கும் நீட்டினேன்.

அடுத்த வீட்டுச் சித்தி தட்டைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "ஏட்டி, என்ன காரியம் செஞ்ச! அது எனக்க மவனுக்கு உள்ளதாக்கும். ஒனக்க மாப்பிள மஸ்கட் போகும்ப குடுத்து விடணும்னுல்லா கொண்டு வந்தேன்."

"யாரு போறாங்க?" என்று கேட்டேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். "கேட்டியளா இவ சொல்லியத! வாற வெள்ளிக்கெழம பிளைட்டு, பொண்டாட்டிக்குத் தெரியாதாம்."

இந்த ஊரில் ஒருவர் கல்ஃபுக்குக் கிளம்பினால், அங்கே பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்தெல்லாம் அந்தப் பிள்ளைகளின் பெயர் எழுதிய பொட்டலம் வந்துவிடும். போகிறவர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்காகப் போகிற நாளை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுவார்கள். இவரும் சொல்லியிருந்தார், என்னிடம் தவிர.

என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அதிர்ச்சி அடைந்திருக்க வேண்டும் அல்லவா? தலையைக் குனிந்துகொண்டு காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபிறகு இவரிடம் கேட்டேன். "ரெண்டு வருஷந்தான். கடைய நம்பி இங்க பொழைக்க முடியாது" என்றார். "முன்னாலயே சொன்னா நீ வந்திருக்க மாட்ட. எங்க அம்மாவ யாரு பாத்துக்குவா?"

சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன். அது தெரிந்துதான் சொல்லாமல் இருந்திருக்கிறார். மோட்டாரும் சிலிண்டரும் ஃப்யூஸும் தனியாக இருக்கப்போகிறவளுக்கு நடத்திய பாடம். நான் அதை அன்பு என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன்.

"அவன் சொல்லியிருப்பான்னுல்லா நான் நெனச்சேன், மக்களே" என்றார் மாமியார். நான் நம்பவில்லை. அம்மாவோ, "மாப்பிள்ளைதான் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார்டி. உன் நல்லதுக்குத்தான்" என்றாள். அவளோடு பேசப் பிடிக்காமல் அடுக்களைக்குப் போய் நின்றேன்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. என் புருஷன் என்னை விட்டுப் போகும் நாளைக் கணக்குப் பண்ணி, அடுத்த வீட்டில் பயறு வறுத்து, பாகு காய்ச்சி, பலகாரம் சுட்டிருக்கிறார்கள். அந்த வாசனைகூட வேலிக்கு இந்தப் பக்கம் வந்திருக்கும். நான் மூக்கால் இழுத்து ரசித்திருப்பேன்.

வியாழக்கிழமை பெட்டியை நான்தான் அடுக்கினேன். பொட்டலம் கொடுத்த அம்மாக்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. சித்தி மறுபடியும் முந்திரிக்கொத்து சுட்டு, இந்த முறை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். நொறுங்காமல் இருக்க அதைச் சட்டைகளுக்கு நடுவே வைத்தேன். மீன் ஊறுகாய்ப் புட்டியை பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். எல்லாம் வைத்தபிறகும் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.

இவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். "நீ எனக்கு ஒண்ணும் குடுத்து விடலியா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"யாரும் போறதா எங்கிட்டச் சொல்லலியே" என்றேன்.

கொடியில் கிடந்த தன் துண்டை எடுத்து மடித்து, அந்த இடத்தில் வைத்துப் பெட்டியை மூடினார்.