கரும்பலகையின் நடுப்பங்கு

1. இன்று காலை அலுவலகக் கூட்டத்தில் பொறியியலாளர் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.
2. நான் "பொறுங்கோ, பொறுங்கோ!" என்று கத்திவிட்டேன்.
3. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

கிளிநொச்சியில் உயர்தரம் படித்தபோது எங்கள் கணித சேர் வலக்கையால் எழுதி, இடக்கையால் துடைத்துக்கொண்டே போவார். முன்வாங்கில் இருந்த எங்கள் பின்னல்களில் சோக்குத்தூள் படியும். தமிழில் பாடநூல் கிடைக்காது, பலகைதான் புத்தகம். அதனால் மூன்று பேர் பலகையைப் பங்குபோட்டோம். இடப்பக்கம் எனக்கு, நடு செல்விக்கு, வலப்பக்கம் மும்தாஜுக்கு. பின்னேரம் மூன்றையும் சேர்த்து ஒரே கொப்பியில் எழுதுவோம். மூவருக்கும் கம்பஸ் போய்ப் பொறியியல் படிக்க ஆசை.

ஒருநாள் செல்வி வரும் துணுக்காய் பஸ் ஓடவில்லை, அவள் வரவில்லை. அன்றைக்கென்று ஒரு தேற்றத்துக்கு நீண்ட நிறுவல் ஒன்று. என் பங்கோடு செல்வியின் பங்கையும் எழுத முயன்றேன், முடியவில்லை. பாடம் முடிந்ததும் சேரிடம் கேட்டேன்.

"சேர், நடுவில உள்ளதை ஒருக்கா எழுதி விடுங்கோ."

"அது லேசு பிள்ளை, வீட்டில யோசிச்சுப் பாருங்கோ. எனக்கு யாழ்ப்பாண பஸ் போயிடும்."

"நடுவில குளமாம், நீந்திப் போங்கோ!" என்றான் பின்வாங்கில் ஒருவன்.

நாட்கணக்காக யோசித்தோம். பிடிபடவில்லை. பரீட்சையில் அதே நிறுவல் வந்தது. தொடக்கத்தையும் முடிவையும் எழுதி, இடையை வெறுமையாக விட்டேன். மும்தாஜும் அப்படித்தான்.

வெளியே வந்த செல்வி, "பஸ் ஓடாத அண்டைக்கு, நான் முதல்நாளே வந்து உன்ர வீட்டில நிண்டிருக்கலாமடி" என்று அழுதாள். 

சில புள்ளிகள் போதாமல் மூவருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. நான் இப்போது பொறியியலாளர்கள் வரைந்த படங்களைப் பிரதி எடுக்கிறேன்.