சாவியம்மாவும் பூட்டில்லாத மென்பொருளும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சாவியம்மா பல்லை மட்டுமா பார்ப்பாள்? கொடுத்தவனை நிற்க வைத்து, இந்த மாட்டை ஏன் கொடுக்கிறாய், உன் வீட்டில் அதற்கு என்ன கேடு வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கையில் வாங்குவாள். காய்கறிக் கடையில் மேலே அடுக்கியிருக்கும் தக்காளியை அவள் தொட்டதே இல்லை. அடியிலிருந்து உருவுவாள், மேலே உள்ளது சரியும், கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். மருத்துவரிடம் போனால் உட்காருவதற்கு முன்பே நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பாள். வெளியே கிளம்பினால் வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவள் கணவர். நாலாவது தரம் இழுத்தால் கதவே கையோடு வந்துவிடும், வா என்று தெருமுனையிலிருந்து கூப்பிடுவார்.

சாவியம்மா என்ற பெயர் அலுவலகத்தில் வந்தது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் அது. ஊரில் யார் பிறந்தாலும், யார் போனாலும், அந்த இரண்டாம் மாடிக் கவுண்டருக்கு வீட்டு ஆள் ஒருவர் வந்தே தீர வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் காகிதப் பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதற்கான மென்பொருளை அரசாங்கம் ஒரு தனியார் கம்பெனியிடம் வாங்கியது. கூடவே கட்டைவிரல் நுனி அளவில், நீல நிறத்தில், ஒரு சின்ன செருகியும் வந்தது. காலையில் அதை மெயின் கம்ப்யூட்டரில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும், உருவினால் நின்றுவிடும். எல்லாரும் அதைச் சாவி என்றே சொன்னார்கள். டை கட்டிக்கொண்டு வந்த கம்பெனி ஆள் அதை அவள் உள்ளங்கையில் வைத்து, "இது இல்லாம ஒருத்தரும் ஒரு பேரைக்கூடப் பார்க்க முடியாதும்மா. ஊரோட பிறப்பும் இறப்பும் இனிமே உங்க கையில" என்றார். ஏன் அவள் கையில்? அலுவலகத்திலேயே யாரையும் நம்பாத ஆள் அவள்தான் என்று அப்போதிருந்த பதிவாளர் பார்த்துப் பொறுக்கினார். சரியான ஆளைத்தான் பிடித்தார்.

அன்றிலிருந்து சாவி ஒரு கறுப்புக் கயிற்றில் அவள் கழுத்தில் தொங்கியது. குளிக்கும்போது குளியலறை ஆணியில் மாட்டுவாள், கண் அதன் மேலேயே இருக்கும். காலை ஒன்பதுக்குச் செருகுவாள், மாலை ஐந்துக்கு உருவுவாள், இரண்டுக்கும் நோட்டில் கையெழுத்து. காய்ச்சல் என்றாலும் வருவாள். அவள் வராவிட்டால் கவுண்டர் திறக்காது. ஒரே தங்கையின் கல்யாணம் வெளியூரில் நடந்தது, போகவில்லை. அடுத்த மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தங்கை அழுதாள். அடுத்த மேஜைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது சொந்த டிராயரையே பூட்டாமல் போகிறவர், அவரிடம் எப்படி ஊரைக் கொடுப்பது?

அப்பா மூன்று தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் பேச மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன். பள்ளிக்கூடச் சேர்க்கை நேரம், பிறப்புச் சான்றிதழுக்கு நாற்பது பேர் வரிசையில். பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் போன் செய்து, வந்து பார்த்துவிட்டுப் போய்விடுங்கள் என்றாள். சாவியை உருவினால் நாற்பது பேரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும், செருகியபடி விட்டுப் போனால் காவல் இல்லை. இதோ, இந்த ஒருத்தர், இந்த ஒருத்தர் என்று ஐந்து மணி ஆகிவிட்டது. அப்பா மூன்று மணி வாக்கிலேயே போய்விட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று முதல் வேலையாகச் சாவியைச் செருகி அப்பாவின் இறப்பை அவளே பதிந்தாள். ஊருக்குக் காவல் என்றால் சும்மாவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதற்கப்புறம் இருந்த வருஷங்களை ஓட்டினாள்.

இப்படி இருக்கையில், அவள் ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் அரசு அலுவலகங்களில் கம்பெனி மென்பொருள் கிடையாது, திறந்த மூல மென்பொருள்தான். அதற்கு விலை இல்லை, உரிமம் புதுப்பிக்க வேண்டாம், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். சாவி தேவையில்லை. அலுவலகமே கை தட்டியது. சாவியம்மா அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரை அசல்தானா என்று பார்த்தாள்.

மாற்றுவதற்கு ஒருவர் வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது, நரைத்த தாடி, சொந்தமாக ஃபிளாஸ்க்கில் டீ கொண்டு வருவார். அதுவே அவளுக்கு உறுத்தியது. நம் டீயை ஏன் குடிக்கவில்லை? அவருக்குத் தாடி என்று பெயர் வைத்து, ஒரு நோட்டும் போட்டாள். 'தாடி 9.40க்கு வந்தார். கறுப்புப் பெட்டி ஒன்றைச் செருகினார். 9.55க்கு வெளியே போய் போன் பேசினார். சிரித்தார்.' அவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டாள். இதை யார் செய்தது? உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுகிறார்களாம். வேலை வெட்டி இல்லாதவர்களா? வேலை இருக்கிறவர்கள்தானாம், நிறையப் பேருக்கு அதுவே வேலையாம். சரி, நாளைக்கு ஒன்று கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது? தாடி, பிடிக்க என் சட்டை இருக்கிறதம்மா என்று காலரைக் காட்டினார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆனால் அவளை உண்மையில் ஆட்டிப் படைத்தது வேறொன்று. இரண்டு வாரமாகியும் தாடி சாவியைக் கேட்கவில்லை. தொட்டுப் பார்க்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பதிவுகளைப் புது இடத்துக்கு மாற்ற வந்த ஆள் சாவியைக் கேட்காமல் எப்படி மாற்றுவான்? கேட்டிருந்தால் ஒரு சந்தேகத்தோடு போயிருக்கும், கேட்காததால் நூறு சந்தேகம் வந்தது. அவள் வெளியே போகிற நேரம் பார்த்து நகல் எடுத்திருப்பானோ? சாப்பிடும்போதும் சாவியைப் பிடித்தபடியே சாப்பிட்டாள்.

சனிக்கிழமை கவுண்டர் விடுமுறை. தாடி மட்டும் வருவதாகச் சொல்லியிருந்தார். தனியாக விடுவாளா? எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு சோதனை வைத்தாள். சாவியைச் செருகவே இல்லை. கழுத்தில் போட்டு, மேலே ஒரு சால்வையும் போர்த்திக்கொண்டாள். இப்போது என்ன செய்வான், கேட்டுத்தானே ஆக வேண்டும்?

தாடி டீயை ஊற்றிக் குடித்துவிட்டு, எல்லாம் மாறிவிட்டது, இனி சரிபார்ப்புதான் பாக்கி, உங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரையும் தேதியையும் சொல்லுங்கள் என்றார். அவள் அப்பாவின் பெயரைச் சொன்னாள். ஏன் அந்தப் பெயரைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தாடி தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் வந்தது: பெயர், வயது, ஆஸ்பத்திரி, மணி மூன்று பத்து, பதிந்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

"சாவி என் கழுத்துல இருக்கு" என்றாள். சால்வையை விலக்கிக் காட்டினாள். "இது எப்படி வந்துச்சு?"

தாடி முதலில் புரியாமல் விழித்தார். பிறகு பழைய கம்ப்யூட்டரிலேயே, செருகி இல்லாமல், ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். பத்தொன்பது வருஷப் பதிவும் அங்கே வரிசையாகக் கிடந்தது. பூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. "அம்மா, அந்தச் சாவி அவங்க புரோகிராமுக்குத்தான் காவல். காசு கொடுக்காம வேற யாரும் அதைப் போட்டு ஓட்டிடக் கூடாதுன்னு வச்சது. உங்க பதிவுக்கு அது காவலே இல்லை. இந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்த யாரும் இதை எடுத்திருக்கலாம், மாத்தியும் இருக்கலாம்."

"யாராவது எடுத்தாங்களா?"

"அது தெரியாதும்மா. பழைய ஏற்பாட்டுல அதுக்குத் தடமே இருக்காது."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்களே, அதாவது பரவாயில்லை, கையில் வாலாவது இருக்கும். இவள் பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாருடைய மாட்டின் கயிற்றையோ. தக்காளியைப் புரட்டினாள், மருத்துவரைக் குடைந்தாள், நல்ல மனுஷரான பக்கத்து மேஜைக்காரரை நம்பவில்லை, தன் கையால் பூட்டிய கதவையே நம்பவில்லை. டை கட்டி வந்து இனிக்க இனிக்கப் பேசிய அந்த ஒருவரை மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அந்த ஆள் மேலா, தன் மேலா என்று பிரிக்க முடியாத கோபம். அதற்கு அடியில் அப்பா கிடந்தார். அவருக்காக அழக்கூட அந்த இடத்தில் அவளால் முடியவில்லை.

சும்மா இருக்கிற ஆளா அவள்? கொஞ்ச நேரத்தில் நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கம் எடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறைக்கு வந்து போனவர்கள்: மின்சாரம் பார்க்க வந்தவர், ஏசி மெக்கானிக், சுவருக்கு வண்ணம் அடித்தவர்கள், மாற்றலாகிப் போன மூன்று பதிவாளர்கள். எழுத எழுதப் பட்டியல் நீண்டது. பிறகு தாடியிடம் திரும்பி, உங்கள் பூட்டில்லாத சாமானை மட்டும் நான் எப்படி நம்புவது என்று கேட்டாள். நம்ப வேண்டாம் என்றார் அவர். இதில் யார் பதிவைத் தொட்டாலும் பெயரும் நேரமும் தானாக எழுதிக்கொள்ளும், அது உண்மைதானா என்று விவரம் தெரிந்த யாரையாவது கூட்டி வந்து உள்ளே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். அப்படிப் படித்துச் சொல்கிற ஆளை யார் பார்ப்பது என்றாள். இன்னொரு ஆள் என்றார். நம்ப வேண்டாம் என்று சொன்ன முதல் மனுஷன் இவன்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காகப் பக்கத்திலிருந்து நாற்காலியை நகர்த்திவிடவில்லை.

திங்கட்கிழமை பதிவாளர் கூப்பிட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். மேஜை மேல் ஓர் அச்சடித்த படிவம். பழைய ஏற்பாடு முடிந்து புதியதற்கு மாறுவதற்கு அவள் கையெழுத்து வேண்டுமாம். 'மேற்படி காலம் முழுவதும் அனைத்துப் பதிவுகளும் எனது பாதுகாப்பில், பிறர் கைபடாமல் இருந்தன என உறுதி கூறுகிறேன்' என்று அதில் இருந்தது. அது இல்லாமல் அவளுடைய ஓய்வுக் காகிதம் மேலே போகாது. அவள் சனிக்கிழமை பார்த்ததைச் சொன்னாள். பதிவாளர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். யாரும் எடுத்ததாகத் தெரியவில்லையே அம்மா, இதை வெளியே சொன்னால் ஊரில் ஒவ்வொருவரும் தன் சான்றிதழ் சரியா என்று வந்து நிற்பார்கள், ஒரு கையெழுத்துதானே என்றார்.

ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கி வீட்டுக்குப் போனாள். கணவர் எல்லாவற்றையும் கேட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே, கையெழுத்தைப் போட்டுவிட்டு வா என்றார். சொன்னவர் கொஞ்ச நேரம் கழித்து, அவள் முகத்தைப் பார்த்து, உனக்கு மனசு வரவில்லை என்றால் வேண்டாம், எதுவானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதை அவள் குறுக்குக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

மறுநாள் பதிவாளர் முன்னால் நின்றபடியே பேனாவை எடுத்தாள். அச்சடித்த வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தாள். கீழே தன் கையெழுத்தில் எழுதினாள்: 'சாவி என்னிடம் இருந்தது. பதிவுகள் என்னிடம் இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அந்தந்த வீட்டாரைக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.' தேதி போட்டுக் கையெழுத்திட்டு, கயிற்றைக் கழற்றிக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

பதிவாளர் இரண்டு தரம் படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா, இப்படி எழுதினா உங்க காகிதம் இங்கிருந்து நகராது."

"பத்தொன்பது வருஷமா நானே நகரல சார்" என்றாள் சாவியம்மா. "எங்க அப்பா மூணு தெரு தள்ளி இருந்தாரு, அப்பவும் நகரல. காகிதம் கொஞ்ச நாள் இருக்கட்டும்."