கம்பி கடித்த பல்

கையில் இருப்பது எலும்பா, கல்லா என்று சந்தேகம் வந்தால் எர்சிலியா அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிடுவாள். ஒட்டினால் எலும்பு. ரோமாபுரியின் பழைய அரங்கத்துச் சாக்கடையில் அள்ளிய சேற்றிலிருந்து வந்தது என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "என்ன, மதியச் சாப்பாடு ஆச்சா?" என்று கூட வேலை செய்யும் நஸரேனோ சீண்டுவான். அவள் தலை நிமிராது.

அருங்காட்சியகத்தில் உடைந்த எலும்புகளை ஒட்டியே தலை நரைத்தவள். சந்தையில் கசாப்புக்காரர் அவளுக்கென்று பன்றித்தலை எடுத்துவைப்பார். கறியைத் தின்றுவிட்டு, மண்டையோட்டை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்வாள். அரங்க வாசலில் அட்டைவாள் பிடித்து வீரன்போல் படம் எடுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் மட்டும் ஆகாது. மேசைக்கடியில் எப்போதும் அவள் நாய் புருனா படுத்திருக்கும். காப்பகத்துக் கூண்டில் வருடக்கணக்காய்க் கிடந்ததை இவள்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

இப்போது அவள் மேசையில் இருப்பது ஒரு கரடியின் கீழ்த்தாடை. ரோமானியர் காலத்தில் அரங்கத்து வேட்டை விளையாட்டுக்கென்று எங்கிருந்தோ பிடித்து வரப்பட்ட கரடி. "கிழவர்" என்றுதான் அதைச் சொல்வாள். கோரைப்பற்கள் இரண்டும் மொட்டையாகி, பின்பக்கம் பள்ளம் விழுந்திருந்தன. மறுநாள் கண்காட்சி திறப்பு. அந்தப் பற்களின்மேல் கூரான பொய்ப்பல் மாட்டச் சொல்லியிருந்தார் இயக்குநர். அவளும் சாந்தில் செய்துவிட்டாள். மாட்டத்தான் கை வரவில்லை. அந்த ஜீவன் பட்ட பாட்டுக்கு மிஞ்சிய சாட்சி அந்தப் பள்ளம் ஒன்றுதான். அதையும் தன் கையாலேயே மூடுவதா?

சாயங்காலம் இயக்குநர் வந்தார். படித்தவர் என்ற மரியாதையில் எல்லோருக்கும் அவர் 'தொத்தோரே'.

"இன்னும் மாட்டலியாம்மா? பல்லு போன கரடியப் பாக்க யாரு சீட்டு வாங்கிட்டு வருவா? சண்டை போட்டுச் செத்த மிருகம், கொஞ்சம் வீரமாத் தெரிய வேணாமா?"

"சண்டையில போன பல்லு இல்ல, தொத்தோரே. கூண்டுக்கம்பியக் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சது."

"அத யாரு கண்டா?"

எர்சிலியா குனிந்து புருனாவைக் கூப்பிட்டாள். அது வாலை ஆட்டியபடி வெளியே வந்தது. அதன் கீழுதட்டை விலக்கி, இயக்குநரின் விரலைப் பிடித்து, கோரைப்பல்லின் பின்னால் இருந்த பள்ளத்தில் வைத்தாள். பிறகு அதே விரலைக் கரடியின் பல்லுக்குக் கொண்டுபோனாள்.

அதே பள்ளம். விரல் அங்கேயே நின்றுவிட்டது. எர்சிலியா சாந்துப் பற்களை எடுத்துத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.