பாதி பின்லாந்து, பாதி நியூசிலாந்து

பண்டத்தரிப்பில் மரக்காலை, அதாவது பலகை விற்கும் கடை, வைத்திருக்கும் அந்த மனிதருக்கு வலது கைப் பெருவிரல் நகம் மட்டும் நீளம். எந்தப் பலகையையும் அந்த நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். பிறகு மரத்தோடு கோபித்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

படுக்கையறைக் கூரைக்கு ஓடு தாங்கும் சிலாகை வாங்கப் போயிருந்தேன். பனை விலை எனக்குக் கட்டுபடியாகவில்லை. பைன் என்றால் முறிந்து தலையில் விழுமோ என்ற பயம். மூன்றாம் நாளாக அங்கே நின்றேன்.

“அண்ணை, எந்த நாட்டுப் பைன் நல்லது?”

“முந்தி இந்த மரக்காலை முழுக்கப் பின்லாந்துதான் தம்பி. குளிருக்கை நடுங்கி நடுங்கி வளர்ந்த மரம், உள்ளுக்கை வரி நெருக்கம், அதாலை உறுதி. பேந்து நியூசிலாந்துக்காரன் மலிவா அனுப்பத் துவங்கினான். அது என்ரை மருமோன் மாதிரி, திண்டுபோட்டு மளமளவெண்டு வளர்ந்தது. பின்லாந்து ஒதுங்கிப் போச்சு. இப்ப பாரும், திரும்பவும் எட்டிப் பாக்குது.”

“அப்ப பின்லாந்தே எடுக்கட்டோ?”

“விலையைக் கேட்டா நீர் இதிலையே விழுந்திடுவீர்.”

“மற்றதைக் கறையான் தின்னுமோ?”

“கறையான் பாஸ்போட் பாக்கிறேல்லை. வலப்பக்கம் இதைப் போடும், இடப்பக்கம் அதைப் போடும். எது முதல் விழுந்ததெண்டு வந்து சொல்லும். எனக்கும் அறிய ஆசைதான்.”

பகிடி என்றுதான் நினைத்தேன். ஆனால் வேறு முடிவெடுக்கத் தைரியமில்லாமல் அப்படியே போட்டுவிட்டேன்.

சந்தையில் கண்டால் இன்றைக்கும், “எந்த நாடு முன்னுக்கு?” என்று கேட்கிறார். இரண்டும் அசையவில்லை என்றால், அவருக்குச் சந்தோசமா ஏமாற்றமா என்று முகத்தில் தெரிவதில்லை. நான் கட்டிலை இரண்டு நாட்டுக்கும் நடுவில் இழுத்துப் போட்டிருக்கிறேன்.