மாடன் தேடாத பெயர்

செவ்வாய்க்கிழமை காலை. செங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் கணினி அறையில் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். பீர் முகம்மது போனில் கூப்பிட்டான். வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவன். "அண்ணாச்சி போயிட்டாரு, சேவியர்" என்றான். எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு அண்ணாச்சி என்றால் இலஞ்சி ஆறுமுகநயினார் ஒருவர்தான்.

போனை வைத்ததும் அழுகை வரவில்லை. இரண்டு நாள் முன்பு, ஞாயிறு இரவு ஏழு மணிக்கு வந்த மின்னஞ்சல்தான் கண்முன் நின்றது. எங்கள் லினக்ஸ் குழுவில் எல்லோருக்கும் வாராவாரம் வருகிற மடல் அது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "இந்த வாரம் யாரையும் தேடிப் போகாண்டாம். எல்லாரும் சொகமா இருக்கோம்." அந்த வாசகத்தை எழுதியவர் அண்ணாச்சி. அதைத் தானாக அனுப்பும் கணினி நிரலை எழுதியவன் நான். அந்த மடல் வந்த நேரத்தில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்த இடத்திலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் அவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி பழைய கதை. மீதிப் பாதி உங்களில் யாருக்கும் தெரியாது. தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணாச்சி படித்தது தொழிற்பயிற்சி. பிழைப்பு, கணினி பழுது பார்ப்பது. பழைய மொபெட்டில் முன்னால் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தென்காசி சுற்றுவட்டாரம் முழுக்கப் போவார். மற்றவர்கள் திருட்டு நகல் போட்டுக் கொடுத்துக் கையை உதறிவிட்டுப் போவார்கள். இவர் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதைப் பழக்கியும் விட்டுத்தான் எழுந்திருப்பார். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் கடை வைத்த பீர் முகம்மது தன் மாடி அறையை இலவசமாகத் தந்தான். மாடிப்படி ஓரத்தில் அண்ணாச்சி ஒரு தகரப் பலகை மாட்டினார்: "இங்கு லினக்ஸ் கிடைக்கும். விலை இல்லை."

அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு முதலில் மாடியேறி வந்தவர் வாசுதேவநல்லூர்க்காரர், எலுமிச்சை போட்டிருக்கும் விவசாயி. "இந்த லினக்ஸ இலை சுருட்டலுக்கு அடிக்கலாமாய்யா? எத்தன டேங்குக்கு எம்புட்டு ஊத்தணும்?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "மருந்துதான். ஆனா பயிருக்கு இல்ல, கம்ப்யூட்டருக்கு" என்றார். அடுத்த ஞாயிறு அந்த மனிதர், மகளுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி இழுத்துப் பறிக்கிறது என்று துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு லினக்ஸ் போட்டோம். அந்தப் பெண் இன்று எங்கள் குழுவில் இருக்கிறாள். முதல் நாள் சிரித்த எங்களுக்கு டீ கிடையாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

எங்கள் குழுவுக்குள் மாடன் என்ற சொல் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் நம் கண்ணுக்குத் தெரியாமல் சதா ஓடிக்கொண்டு, நேரம் வந்தால் தன் வேலையைச் செய்கிற நிரல்கள் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றை டீமன் என்பார்கள். லினக்ஸ் தமிழாக்கத்தில் "பின்னணிச் செயலி" என்று நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அண்ணாச்சி தாளைத் தள்ளி வைத்தார்.

"இது யாருக்குவே புரியும்? ஊர் எல்லையில நிக்கான். கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் காவல் காக்கான். அவனுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?"

"மாடன்" என்றேன்.

"அப்ப அதை எழுதும்."

"அண்ணாச்சி, நான் ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போறவன். ஃபாதர் கேட்டா என்ன நெனைப்பாரு?"

"ஃபாதருக்கும் ஒரு மாடனப் போட்டுக் குடுப்போம். மணி அடிக்க மறந்தா ஞாபகப்படுத்தட்டும்."

வெளியூர்க் குழுக்கள் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. நாங்கள் விடவும் இல்லை. "மாடன் ஓடுதானா?" "மாடன் படுத்துட்டான், எழுப்பி விடு" என்று எங்கள் மாடி அறையில் பேசுவதைக் கேட்டு, படியேறி வந்த ஒருவர் பாதியிலேயே இறங்கிப் போனதும் உண்டு.

எங்கள் குழுவில் செங்கோட்டைக்காரர் ஒருவர், ஸ்டுடியோ வைத்திருப்பவர், ஒரு சமயம் வராமல் போனார். கல்யாண சீசன், வேலை இருக்கும் என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார் என்று. போய்ப் பார்த்துவிட்டு வந்த அண்ணாச்சி அன்று கூட்டத்தில் உட்காரவே இல்லை. "நம்ம ஆளு ஒருத்தன் ரெண்டு மாசமா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கான். நாம இங்கன உக்காந்து லினக்ஸு கெர்னலப் பத்தி வாய் கிழியப் பேசிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். அவர் குரலில் இருந்த கோபம் எங்கள்மீது மட்டும் இல்லை, தன்மீதும்தான்.

அந்த ஆண்டு சாரல் பிடித்ததும் வழக்கம்போல் குற்றாலத்தில் கூடினோம். ஐந்தருவி போகும் வழியில் ஒரு லாட்ஜ் வராந்தா. "மொதல்ல அருவி, பொறவு கெர்னலு" என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். குளித்து முடித்து, தலையில் எண்ணெய்ப் பிசுக்கு போகாமல், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என்னிடம் கேட்டார். "வே சேவியரே, தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு எவன் வரலையோ, அவன் பேரச் சொல்லி எல்லாருக்கும் மடல் போடணும். அப்படி ஒரு மாடன் வேணும்."

அங்கேயே மடிக்கணினியில் எழுதினேன். இருபது வரிகூட இராது. வருகைப் பதிவுக் கோப்பை வரிவரியாகப் படிக்கும், வராதவர்களை எண்ணும். சாரல் உள்ளே அடித்து விசைப்பலகை நனைந்துகொண்டே இருந்தது. அவர் தன் துண்டை எடுத்துக் கணினிக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். மடலின் வாசகத்தை மட்டும், தேட யாரும் இல்லாத வாரத்துக்கு உரியதையும் சேர்த்து, தானே தட்டச்சு செய்தார். வராதவருக்கு: "இவரை மூணு கூட்டமாக் காணல. யாராவது வீடு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க." சரியாக ஓடுகிறதா என்று யாராவது ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். எல்லோருக்கும் பசி. பிறகு பார்க்கலாம் என்று எழுந்துவிட்டோம். இலையில் கை வைக்கும்போது அண்ணாச்சி சொன்னார்: "திறந்து வச்சா மட்டும் போதாதுவே. ஒருத்தனாவது எட்டிப் பாக்கணும்." நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வதுதான். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

மாடன் என்னையும் ஒருமுறை தேடியிருக்கிறான். அம்மா இறந்த பிறகு எனக்கு யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் இருந்தது. மூன்றாவது ஞாயிறு என் பெயரே என் போனுக்கு வந்தது. மறுநாள் சாயங்காலம் மொபெட் சத்தம் கேட்டது. "மாடன் அனுப்பி வந்தேன்" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், என் வீட்டில் வேலை செய்யாத பிரிண்டரைக் கழற்றித் துடைத்தார், போய்விட்டார். அதற்கு அடுத்த ஞாயிறு நான் கூட்டத்துக்குப் போனேன்.

கடைசி நாலைந்து மாதமாக அண்ணாச்சி கூட்டத்துக்கு வரவில்லை. முதலில் கண்ணில் புரை என்றார். பிறகு சொந்தத்தில் கல்யாணம். பிறகு, "மழை ஒத்துக்கல, வாரேன் வே." நான் இரண்டு முறை போன் பண்ணினேன். இரண்டு முறையும் அவர்தான் என்னைப் பற்றி விசாரித்தார். ஞாயிறுதோறும் ஏழு மணிக்கு, யாரையும் தேட வேண்டாம் என்று மடல் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் அதை நம்பினோம். எங்களுக்குள் ஒருவருக்குக்கூட, அண்ணாச்சியைக் காணோமே, மாடன் ஏன் சொல்லவில்லை என்று தோன்றவில்லை. இலஞ்சிக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். யாரும் ஏறவில்லை.

வயிற்றில் கட்டி. அடக்கம் முடிந்து திரும்பி வரும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு பீர் முகம்மதுவின் கடை மாடிக்குத் தனியாகப் போனேன். மாடனைக் குடிவைத்திருந்த பழைய கணினி மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. நிரலின் முதல் பிரதியை, குற்றாலத்தில் நான் எழுதியபடியே இருந்ததை, திறந்தேன். இரண்டாவது நிமிடமே கண்டுபிடித்துவிட்டேன். பதிவுக் கோப்புகளில் முதல் வரி தலைப்பாக இருப்பது வழக்கம். "பெயர்" என்று இருக்கும். ஆகவே முதல் வரியை விட்டுவிட்டுப் படிக்கும்படி எழுதியிருந்தேன். எங்கள் கோப்பில் தலைப்பே இல்லை. அறையை முதலில் திறப்பவர் அண்ணாச்சி, பதிவேட்டை உண்டாக்கியவரும் அண்ணாச்சி. முதல் வரியில் இருந்தது அவர் பெயர். ஊரில் அத்தனை பேரையும் தேடிய மாடன், தன்னை அங்கே நிறுத்தியவரை ஒருநாளும் தேடவில்லை. தப்பு என்னுடையது. அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன்.

அதோடு முடிந்திருந்தால் குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சியிருக்கும். நிரலில் யார் எந்த வரியைத் தொட்டாலும் அது பதிவாகி, எல்லோருக்கும் ஒரு மடலும் போகும்படி வைத்திருந்தோம். அந்தப் பதிவைக் கீழே தள்ளிக்கொண்டு போனேன். ஏழு மாதத்துக்கு முன்னால் அண்ணாச்சி ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார். நிரல் வரி அல்ல, வெறும் குறிப்பு. என் பிழைக்கு நேர் மேலே எழுதியிருந்தார்:

"மொதப் பேரு விட்டுப் போகுது. என் பேருதான. கெடக்கட்டும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மடல் எங்கள் எல்லோருக்கும் வந்திருக்கிறது. என் போனில் தேடினேன். இருந்தது, திறக்கப்படாமல். பீருக்கும் வந்திருந்தது. அவனும் திறக்கவில்லை. பூட்டு இல்லை, மறைவு இல்லை. ஏழு மாதம் எங்கள் எல்லோர் கையிலும் திறந்தே கிடந்தது. ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் இலஞ்சிக்குப் போய் அவர் மனைவி செண்பக மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். மதினி அந்தக் குறிப்பு எழுதிய நாள் எது என்று கேட்டார். சொன்னேன்.

"திருநெல்வேலி ஆஸ்பத்திரில ரிசல்ட்டு குடுத்த வாரம்" என்றார். "ஒருத்தர்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. பயலுவ வேலையப் போட்டுட்டு இங்கன வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பானுவன்னாக."

"அப்ப நாங்க வாரத அண்ணாச்சி விரும்பலையா மதினி?"

மதினி முற்றத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கையால் காட்டினார்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆனா இந்த நாக்காலிய வாசலப் பாத்துப் போடச் சொல்லுவாக. யாரும் வாராகளான்னு கேப்பேன். ஒருத்தருமில்ல, சும்மா காத்துக்குன்னு சொல்லுவாக. ஏழு மணிக்கு போனுல அந்த மெசேஜு வரும். படிச்சிட்டு, போதும், உள்ள கூட்டிட்டுப் போன்னு சொல்லுவாக."

இதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கியதில்லை. வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலி எங்கே இருந்தாலும், அது டீக்கடையாக இருந்தாலும், என்னால் அதில் உட்கார முடியவில்லை. எல்லாரும் சொகமா இருக்கோம் என்று தன் வார்த்தையே தனக்கு வந்து சேர்வதை அவர் எத்தனை ஞாயிறு படித்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

குழுவில் சிலர், பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்றார்கள். பீர், அந்த மாடனையே நிறுத்திவிடலாம், ஏழு மணி ஆனாலே பயமாக இருக்கிறது என்றான். நான் மதினியிடமே கேட்டேன். "எடுக்காண்டாம்" என்றார். "இனிமேலாவது தேடட்டும்."

யார் எழுதிய நிரலையும் யாரும் திருத்தலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவர் கெடக்கட்டும் என்று விட்டதை நான் திருத்தினேன். கோப்பின் தலையில் "பெயர்" என்று ஒரு வரி சேர்த்தேன். அண்ணாச்சி இரண்டாவது வரிக்கு வந்தார். அவர் எழுதிய குறிப்பை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, "கெடக்காது, அண்ணாச்சி" என்று எழுதினேன். வராமல் போன பழைய கணக்கை அழித்து, அன்றிலிருந்து எண்ணச் சொன்னேன். அந்த மாற்றம் எல்லோருக்கும் மடலாகப் போனது. இந்த முறை எல்லோரும் திறந்து படித்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு மாடி அறையில் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் எல்லோர் போனும் அதிர்ந்தது.

"ஆறுமுகநயினார். இவரை மூணு கூட்டமாக் காணல. யாராவது வீடு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்க."

பத்துப் பேர் போனோம். வாசுதேவநல்லூர்ப் பெண்ணும், இடுப்பில் தகடு வைத்த ஸ்டுடியோக்காரரும் வந்தார்கள். போய்ப் பார்த்ததாகப் பதிந்தால் மாடன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எங்களை அங்கே அனுப்பிக்கொண்டே இருப்பான். அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது இதுதான்: அவர் எழுதிய அந்த ஒரு வரி உத்தரவு.

நாங்கள் தெரு திரும்பும்போது மதினி வாசல் விளக்கைப் போட்டார். நாற்காலி வாசலைப் பார்த்துக் கிடந்தது. எங்களை எண்ணுவதுபோல் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் திரும்பிச் சொன்னார்:

"வந்துட்டாக."