தொடையில் தேய்த்த விரல்கள்

ஜாஃபர் அண்ணனின் பந்துகளை எதிரணியினர் ஏன் அடித்து நொறுக்கினார்கள் என்று எனக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். வேண்டுமென்றேதான் வாயைத் திறக்காமல் இருந்தேன்!

நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மில்பிடாஸ் என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் வார இறுதி பேஸ்பால் அணியின் முதல் பிட்சர் அவர்; ஆட்டத்தைப் பந்தெறிந்து தொடங்கி வைப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். காலைத் தூக்கி ஒரு கணம் அசையாமல் நிற்பார் பாருங்கள்... அடடா! எதிரணிக்காரன்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான்.

சென்னையில் கிரிக்கெட் ஆடிய காலத்தில், முழங்கை மடங்குகிறது என்று அவரை ஒதுக்கிவிட்டார்களாம். "அங்க எந்தக் கைய வேணாம்னாங்களோ, அதே கைக்கு இங்க கிளாப் பண்றாங்க. விட்டுடுவேனா?" என்று சிரிப்பார்.

அணியில் பல நாட்டுக்காரர்கள். தமிழர்கள் நாங்கள் இருவர்தான். நான் இரண்டாவது பிட்சர். அவர் களைத்தால் மட்டும் எழுந்திருக்கும் பெஞ்சுக்காரன்.

இந்த வசந்தத்தில் அவருக்குத் தோள் வலி வந்தது. வேகத்தைக் குறைத்து, மெதுவான பந்துகளை அதிகம் கலந்தார். கூடவே ஒரு பழைய பழக்கமும் திரும்பி வந்தது. மெதுவான பந்துக்கு முன்னால் மட்டும் விரல்களைத் தொடையில் தேய்ப்பார். பந்தோ மற்றொரு கையில் மாட்டிய கிளவுக்குள் இருக்கும்; தேய்ப்பது வெறுங்கை! கிரிக்கெட் பந்தைப் பளபளப்பாக்கத் தேய்த்துத் தேய்த்து ஊறிப்போன பழக்கம் அது. அவருக்கே தெரியவில்லை. அதே பழக்கத்தில் வளர்ந்த எனக்குப் பார்த்ததும் புரிந்தது. எதிரணிகளும் சீக்கிரமே கண்டுகொண்டன. கை தொடைக்குப் போனால் போதும், காத்திருந்து விளாசினார்கள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்வி. வயதாகிவிட்டது என்று அணியில் முணுமுணுத்தார்கள். நானும் தலையாட்டினேன்... கூசாமல் தலையாட்டினேன்!

ஏன்? அவர் இறங்கினால்தானே நான் ஏற முடியும்? அவரைச் சீக்கிரம் வெளியே அழைத்து என்னை அனுப்பத் தொடங்கினார் கோச். என் மகள் முதன்முறையாக என் ஆட்டம் பார்க்க வந்தாள். அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது.

முந்தாநாள் பயிற்சி முடிந்து பார்க்கிங்கில் நின்றோம். தோளில் ஐஸ் பையை அழுத்திப் பிடித்தபடி அவர் சொன்னார்:

"கோச்கிட்ட சொல்லிட்டேன்டா. சனிக்கிழமை பிளசன்டன் டீமோட ஆடுறதுதான் நான் ஸ்டார்ட் பண்ற கடைசி கேம். அப்புறம் அந்த எடம் உனக்கு. தோள் வலியக்கூடத் தாங்கிடுவேன்... எல்லார் முன்னாடியும் அடி வாங்குறதத்தான் தாங்க முடியல."

அப்போதுதான் சொன்னேன்.

"அண்ணே, ஸ்லோ பால் போடுறதுக்கு முன்னாடி கையத் தொடைல தேய்க்கிறீங்க. அதப் பாத்துதான் அடிக்கிறானுங்க."

தன் கையையே உற்றுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி... இந்தக் கை இன்னும் சேப்பாக்கத்தை விட்டு வரலியா! எப்படா கவனிச்ச?"

"இன்னிக்கிதாண்ணே."

சீ! அந்த நேரத்திலும் பொய்!

உடனே என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனார். எறிந்தார். கை தொடைப்பக்கமே போகவில்லை. எப்பேர்ப்பட்ட பந்துகள்! வேகமாக வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, கடைசியில் சட்டென்று தணிந்து என் கிளவுக்குள் விழுந்தன. அந்த வலியோடு இப்படி எறிய வேறு யாரால் முடியும்? கோச்சிடம் சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கெஞ்சினேன்.

"சொன்னது சொன்னதுதான்டா. கண்ணுல பட்டதும் மறைக்காம சொன்னே பாரு... அந்த மனசுக்கே எடம் உனக்குத்தான்."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "தேங்க்ஸ்ணே" என்றேன்.

சனிக்கிழமை அவர் பிரமாதமாக எறிவார். எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் எல்லார் முன்னிலையிலும் பந்தை என் கையில் கொடுக்கப் போகிறாராம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். மகள் இப்போதே தயாராகிவிட்டாள். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் நாள் இருக்கிறது... சொல்ல மாட்டேன். பந்தை வாங்கிக்கொள்வேன்.